மாஸ்டர் போட்ட மலைப்பாதை

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் எல்லோருக்கும் அவர் 'பிரேக் மாஸ்டர்'. கற்றுக்கொள்பவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்க, இவர் பக்கத்து இருக்கையில், தன் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கின்மேல் பாதத்தை வைத்தபடி உட்கார்ந்திருப்பார். லாரி வந்தால் மிதிப்பார். நாய் வந்தால் மிதிப்பார். நாய் வரலாம் என்று தோன்றினாலே மிதிப்பார். அவரிடம் படித்தவர்கள் யாரும் எதன்மீதும் மோதியதில்லை. மூன்றாவது கியரைப் பார்த்தவர்களும் அதிகமில்லை.

வீட்டில் அவருக்கு வேறொரு உலகம் இருந்தது. கம்ப்யூட்டரில் ஒரு ரயில் விளையாட்டு. அதில் ரயில் ஓட்டலாம். மேஜைமேல் பொம்மை ரயிலுக்குப் பாதை அமைப்பதுபோல முழுப் பாதையையும் நாமே கட்டவும் செய்யலாம். மாஸ்டருக்கு ஓட்டுவதில் நாட்டமில்லை. கட்டுவதில்தான் பைத்தியம். வேலை முடிந்து வந்து முகம் கழுவிய கையோடு உட்கார்ந்துவிடுவார். திரையில் வெறும் மரப்பலகை இருக்கும். மவுஸால் மண்ணை இழுத்து மலையாக்குவார், மலையைக் குடைந்து சுரங்கம் வைப்பார், தண்டவாளத் துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்துவார். சுற்றி வந்த பாதையின் இரு முனைகளும் மயிரிழை விலகி நின்றாலும் பாதியைப் பிரித்துப் போட்டு மறுபடி ஆரம்பிப்பார். முடித்ததும் ரயிலைத் தானாக ஓடும்படி விட்டுவிட்டு, கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அவர் மனைவிக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. "பேசாம அந்த மவுஸைக் கல்யாணம் பண்ணியிருக்கலாம்" என்று சொல்வதோடு சரி, அந்தப் பக்கம் வரமாட்டாள். ஒருநாள் சாயங்காலம் துணி மடித்துக்கொண்டே அவர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"ஏங்க, இந்த ஸ்டேஷன்ல இறங்குற ஆளு எப்படி வெளிய போவாரு?"

மாஸ்டர் உற்றுப் பார்த்தார். நடைமேடைக்கு இரண்டு பக்கமும் தண்டவாளம். பாலமும் இல்லை, வாசலும் இல்லை.

"இதுல ஆளே கிடையாதும்மா."

"அப்ப ரயில் யாருக்கு?"

மறுநாள் ஸ்டேஷனுக்கு ஒரு நடைபாலம் வந்தது. பாலத்தை விட்டு இறங்கினால் தெரு வேண்டும் என்றாள், தெரு வந்தது. தெருவில் வீடு, வீட்டு மாடியில் கொடி, கொடியில் துணி என்று அவள் கேட்கக் கேட்க இவர் தேடித்தேடி வைத்தார். கடைசியில் மலையடிவாரத்தில் ஒரு கண்ணாடிக் கடையும் முளைத்தது. ஸ்டூல் ஒன்றை இழுத்துப் போட்டு அவள் பக்கத்திலேயே உட்கார ஆரம்பித்தாள்.

"கொஞ்சம் தள்ளுங்க. நான் ஓட்டிப் பாக்குறேன்."

மாஸ்டர் ஸ்டூலுக்கு மாறினார். ரயில் ஸ்டேஷனை விட்டுக் கிளம்பி, சுரங்கத்தில் புகுந்து, மலை வளைவில் வெளியே வந்தது. அவர் கால் தரையை அழுத்து அழுத்தென்று அழுத்தியது. அங்கே பிரேக் இல்லை. வளைவின் நடுவில் இன்ஜின் தடம் புரண்டு, பெட்டிகள் ஒவ்வொன்றாகச் சரிவில் உருண்டன.

"இந்த வேகத்துல போனா விழாம என்ன பண்ணும்?"

"வளைவுதான் சரியில்ல."

"தானா ஓடும்போது விழலையே!"

"அது பயந்து பயந்து ஓடுது. உங்க ரயிலாச்சே!"

மாஸ்டருக்குச் சுருக்கென்றது. மறுநாள் அவள் கடையிலிருந்து திரும்புவதற்குள், அவரே முதல்முறையாக அந்த ரயிலை ஓட்டினார். மிதமான வேகம்தான். அதே இடத்தில் கவிழ்ந்தது. அருகில் போய்ப் பெரிதாக்கிப் பார்த்தபோது விஷயம் தெரிந்தது. முனைகள் சேராதபோது, ஒரே ஒருமுறை பிரித்துப் போட மனமில்லாமல் அவர் இடுக்கிச் சேர்த்த சின்னத் துண்டு, வளைவை அங்கே முழங்கை மாதிரி ஒடித்திருந்தது. ஊர்ந்து போகும் ரயிலுக்கு அது ஒரு பொருட்டாக இருந்திருக்கவில்லை.

மனைவி செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டார். "நீ சொன்னதுதான் சரி. வளைவுதான் தப்பு."

"என்ன சொன்னீங்க? காதுல விழல, இன்னொரு தடவை."

"விழுந்துச்சு, விழுந்துச்சு. வா, வந்து உட்காரு."

வளைவை அகலமாக்க மலையை வெட்டினார்கள். புதிய பாதை நேராகக் கண்ணாடிக் கடைக்குள் போனது. "என் கடையில கை வெச்சீங்கன்னா நடக்கிறதே வேற" என்றாள் அவள். கடையைத் தொடாமல், அதன் தலைக்குமேல் பாலம் கட்டித் தண்டவாளத்தைக் கொண்டுபோனார்கள். அதற்குப்பின் தினமும் அவள்தான் ஓட்டினாள். மலையேற்றத்தில் இன்ஜினை எப்போது விரட்ட வேண்டும், இறக்கத்தில் எப்போது அடக்க வேண்டும் என்பது அவள் கைக்கு வந்துவிட்டது.

ஓட்டுநர் தேர்வு நடக்கும் மைதானத்தில் ஒருநாள், வேறு பள்ளியின் மாஸ்டர் இவர் தோளில் தட்டினார். "உங்க வீட்டம்மா முதல் தடவையே பாஸ் பண்ணிட்டாங்க. சொல்லவே இல்ல பாத்தீங்களா?"

இவருக்குத் தெரிந்திருந்தால்தானே சொல்வதற்கு! சிரித்துச் சமாளித்துவிட்டு வீட்டுக்கு வந்தார். கம்ப்யூட்டர் பக்கம் போகவில்லை.

"கத்துக்கிட்டியாமே?"

"மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல போனேன்" என்றாள் அவள். "இன்னிக்குச் சொல்லணும்னுதான் இருந்தேன்."

"ஊரே என்கிட்ட கத்துக்குது. நீ இன்னொருத்தன்கிட்டயா போகணும்?"

"கல்யாணமான புதுசுல உங்ககிட்ட கேட்டேனே. தெருமுனை தாண்டுறதுக்குள்ள எத்தனை பிரேக்கு! இறங்கி நடந்தே வந்துட்டேன், மறந்துட்டீங்களா?"

அவர் மறக்கவில்லை.

"அப்புறம் இப்ப மட்டும் எங்கேருந்து தைரியம் வந்துச்சு?"

"உங்க மலைப்பாதைலேருந்துதான். ரயிலைக் கவுத்தப்பகூட நீங்க குறுக்க பிரேக் போடல." ஒரு நொடி யோசித்துவிட்டு, "போட அங்க பிரேக்கும் இல்ல, அது வேற விஷயம்" என்றாள்.

மாஸ்டருக்குக் கோபமாக முறைத்துக்கொண்டே இருக்கத்தான் ஆசை. சிரிப்பு முந்திக்கொண்டது. ஆனாலும் மனம் ஆற இரண்டு மூன்று நாளாயிற்று. உண்மையில் அவரை அரித்தது அவள் ஒளித்ததல்ல. ஒளிக்கும்படி தான் நடந்துகொண்டதுதான்.

விடுமுறையன்று மனைவியின் தங்கை வீட்டுக்குக் கிளம்பினார்கள். மாஸ்டர் கார் சாவியை அவளிடம் நீட்டினார். முன்கதவைத் திறந்தவர் நின்று, மூடிவிட்டு, பின்கதவைத் திறந்து ஏறினார்.

"ஏன் அங்க?"

"நான் இங்க இருக்கிறதுதான் உனக்கு நல்லது."

பழப்பையை மடியில் வைத்துக் கட்டிக்கொண்டார். பெரிய சாலையில் எதிரே ஒரு லாரி வந்தது, கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது லாரி பின்கண்ணாடியில் சிறிதாகிக்கொண்டிருந்தது. வண்டி நான்காவது கியரில் அலுங்காமல் போய்க்கொண்டிருந்தது. "நல்லாத்தான் ஓட்டுற" என்றார், அவளுக்குக் கேட்கும்படி.

வாசலுக்கு ஓடிவந்த மச்சினி வாயைப் பிளந்தாள். "என்ன மாமா, அக்கா ஓட்டுறா, நீங்க பின்னாடி உட்கார்ந்திருக்கீங்க?"

"முதலாளிங்க பின்னாடிதான் உட்காருவாங்க."

"இறங்கி அந்தப் பையை எடுத்துட்டு வாங்க, முதலாளி" என்றாள் மனைவி.

இப்போது வீட்டில் ஒரு துறைமுகப் பாதை உருவாகிறது. தண்டவாளம் அவர் பொறுப்பு, ஊர் அவள் பொறுப்பு. கப்பல் வேண்டும் என்கிறாள் அவள். இது ரயில் விளையாட்டு என்கிறார் அவர். கடலை எந்தப் பக்கம் வைப்பது என்பதே இன்னும் முடிவாகவில்லை.