அறுபத்தேழாம் எண்ணின் இடது கை

நீங்கள் தொப்பியைத் துவைக்காமல் வைத்திருந்தால் நூற்றுப்பத்து மைல் தள்ளி ஒரு பையன் பந்தைத் தவறவிடாமல் பிடிப்பான் என்று யாராவது சொன்னால் நம்புவீர்களா? சிரிக்காதீர்கள். அலபாமாவின் ஹார்ப்பர்ஸ் ஜங்ஷனில் வரி கட்டுகிற, வாக்குப் போடுகிற, பேரப்பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற பெரிய மனிதர்கள் அதை நம்புகிறார்கள். நம்புவதோடு நின்றாலும் பரவாயில்லை. தங்கள் அமெரிக்கக் கால்பந்து அணி தோற்றால் பழி போட ஓர் ஆளையும் தேடுகிறார்கள். பதின்மூன்று ஆண்டுகளாகத் தண்ணீர் காணாத தொப்பியின் மேல் அந்தப் பழி ஒருநாளும் விழவில்லை. பள்ளிப் பேருந்து ஓட்டும் பெண்மணி வெர்னெல் பெட்வேயின் மேல் விழுந்தது.

வெர்னெலுக்கு வயது அறுபத்தொன்று. முப்பத்தொரு ஆண்டுகளாகப் பதினான்காம் எண் பேருந்து அவருடையது. பின்னால் நடப்பதையெல்லாம் தலைக்கு மேலிருக்கும் நீளக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து அவருக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. முகத்தைப் பார்க்க மாட்டார், கையைத்தான் பார்ப்பார். காகித உருண்டையை எறிந்தவன் எவன் என்று முகம் சொல்லாது, கை சொல்லிவிடும்.

காலைச் சுற்று முடிந்ததும் எட்டேகாலுக்கு அவர் மார்சலீன் க்ரோவின் பெட்ரோல் நிலையத்துக்கு வருவார். வெளியே இரண்டு பம்புகள். உள்ளே அடுப்பில் பிஸ்கட் என்கிற மெத்தென்ற ரொட்டியும் இறைச்சிக் குழம்பும். ஐஸ் பெட்டியை ஒட்டி ஒரு நீள மேசை. அந்த மேசையில் ஆறு ஆண்கள் இருப்பார்கள், ஆனால் பேசுவது இருவர்தான். ஒருவர் காப்பீட்டு விற்பனையிலிருந்து ஓய்வு பெற்ற ஹாய்ட் லெட்பெட்டர். அவரும் வெர்னெலும் ஒரே பள்ளியில், ஒரே வகுப்பில் படித்தவர்கள். மற்றவர் டீக்கன் க்ளியோஃபஸ் டேட். தேவாலயத்தில் பசித்தவர்களுக்காகப் பிரார்த்திக்கும்போது அரை நிமிடமும், கஹாபா ஸ்டேட் கல்லூரி அணி கோல் உதை உதைக்கும்போது இரண்டு நிமிடமும் கண்ணை மூடுகிறவர்.

ஐஸ் பெட்டியின் கதவில்தான் பட்டியல். கஹாபா ஸ்டேட்டின் தலைசிறந்த பத்து வீரர்கள். பெயர்களை ஒட்டுநாடாவில் எழுதி, வியாழன்தோறும் வாக்கெடுத்து, மேலும் கீழும் நகர்த்துவார்கள். நாற்காலி இருப்பவருக்கு வாக்கு உண்டு. ஆறு நாற்காலிக்கு ஆறு வாக்கு. பத்தொன்பது ஆண்டுகளாக வியாழக்கிழமைகளில் காபிக் குடுவையின் பக்கத்தில் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்த வெர்னெலுக்கு வாக்கு கிடையாது. ஏன் என்று யாரும் கேட்டதில்லை. எழுதிவைத்த சட்டத்தைக்கூட எதிர்த்துவிடலாம். எழுதாத சட்டத்தை எந்தப் பக்கம் பிடித்து இழுப்பது? ஆனால் சனிக்கிழமை கடைத் தொலைக்காட்சியில் ஆட்டம் பார்க்கும்போது மட்டும் அவருக்கும் ஒரு மடக்கு நாற்காலி போடப்படும். அந்த நாற்காலிக்காகத்தான் வாரம் முழுவதும் நாற்பத்தெட்டுப் பிள்ளைகளின் கூச்சலைப் பொறுத்துக்கொள்வதாக வெர்னெல் சொல்வார்.

பரம எதிரியான ட்ரெண்ட்ஹோம் கல்லூரியோடு ஆட்டம் வரவிருந்த வாரத்தின் வியாழக்கிழமை அது. அண்ணன் ட்ரெண்ட்ஹோமிலும் தம்பி கஹாபாவிலும் படித்தால், அந்த வாரம் அம்மா இரண்டு தடவை சமைக்கிற ஊர்.

"முதலிடம் டக்கர் ஹேகுட். இதுல பேச்சே கிடையாது," என்றார் ஹாய்ட். ஹேகுட் பந்தெறியும் குவார்ட்டர்பேக். அவன் பல் தெரியச் சிரிக்கும் படம் மாநிலத்தில் பாதி விளம்பரப் பலகைகளில் இருந்தது.

"போன ரெண்டு ஆட்டத்துல நாலு தடவை பந்தக் கீழ விட்டான்," என்றார் டீக்கன். "உன் மருமகன் ஒரே ஒரு தடவை காரை மரத்துல முட்டினான். அவனுக்கு இன்னும் நீ சாவி குடுக்கல."

"மருமகன் அறுபது கஜம் எறியட்டும், குடுக்கறேன்."

"ஓடுறவன் ப்ரைஸ்தான் முதல்ல வரணும். அவன் ஓடுறப்ப எனக்கு வேத வசனமே ஞாபகம் வருது."

"உங்களுக்கு வறுத்த கோழியப் பாத்தாலும் வசனம் ஞாபகம் வரும், டீக்கன்."

வெர்னெல் காபியில் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே சொன்னார்: "ஹேகுட் பந்த விடல. பந்து அவன் கைக்கு ஒழுங்கா வரல. நாலுல மூணு தலைக்கு மேல போச்சு. அறுபத்தேழோட கையில ஏதோ கோளாறு. அந்தக் கையோட ஆடுறவனுக்கு நீங்க பட்டியல்ல பத்தாவது இடம்கூட குடுக்கல."

அறுபத்தேழாம் எண் டெமாரியன் கோல்வின். ஆட்டத்தின் நடுவில் குனிந்து, கால்களுக்கு இடையே பந்தைப் பின்னால் நிற்கும் குவார்ட்டர்பேக்குக்கு எறிகிற சென்டர். ஆட்டத்துக்கு எழுபது தடவை பந்தை முதலில் தொடுகிறவன் அவன்தான். எறிந்த அடுத்த நொடியில் மூன்று மாட்டு எடையுள்ள ஒருவன் அவன் மார்பில் வந்து மோதுவான். பந்து போன திசையில் கண்கள் எல்லாம் போய்விடும். இவனை யாரும் பார்ப்பதில்லை. வெர்னெல் பார்ப்பார். இருபது வயதில் அந்தக் கல்லூரி மைதானத்தில் வேகவைத்த நிலக்கடலை விற்றவர் அவர். கடலைக்காரிகளை நிற்க விட்ட மூலையிலிருந்து பந்து தெரியாது, குனிந்து நிற்பவர்களின் முதுகும் கையும்தான் தெரியும். மற்றவர்கள் பந்தைப் பார்த்து ஆட்டத்தைக் கற்றார்கள். அவர் அது எங்கிருந்து கிளம்புகிறது என்று பார்த்துக் கற்றார்.

டெமாரியன் ஏழு ஆண்டுகள் அவர் பேருந்தில் வந்தவனும்கூட. முழங்கால் இருக்கைக்குள் அடங்காமல் நடைபாதையில் காலை நீட்டி உட்காருவான். இடறி விழுகிற ஒவ்வொருவரிடமும் அவனே மன்னிப்புக் கேட்பான்.

ஹாய்ட் பேனாவின் மூடியை மூடினார். "ஆரம்பிச்சுட்டா."

"என்னத்த ஆரம்பிச்சேன்?"

"வெர்னெல், கோச்சுக்காத. நாங்க பேசி முடிவு பண்ணிட்டோம். போன வருஷம் நீ 'இவன் இன்னைக்குப் பந்த விடுவான்'னு சொன்ன, விட்டான். செப்டம்பர்ல 'இந்தப் பக்கம் ஓட்டை'னு சொன்ன, அதே பக்கம் புகுந்து அடிச்சாங்க. உன் வாய்க்கு ராசி இல்ல. இந்தச் சனிக்கிழமை மட்டும் வீட்டுல பாத்துக்கோ."

டீக்கன் தன் குழம்புக்குள் எதையோ தொலைத்தவர்போல் குனிந்து தேடிக்கொண்டிருந்தார்.

இதை நியாயம் என்று சொல்ல யாருக்காவது வாய் வருமா? நடக்கப்போவதைக் கண்ணால் பார்த்துச் சொன்னவர் நடந்ததற்குக் காரணமாகிவிட்டார். மழை வரும் என்று சொன்னவரைப் பிடித்து, கூரை ஒழுகியதற்கு அபராதம் போடுவது போல. ஹாய்ட் சொன்னதும் ஆட்டத்தில் நடந்ததுண்டு. அப்போது அவர் நிபுணர்.

வெர்னெல் கரண்டியைக் கீழே வைத்தார். "நீ சொன்னா அலசல், நான் சொன்னா அபசகுனமா? உன் தொப்பி கணக்கு சொல்லவா? அந்தத் தொப்பியப் போட்டுக்கிட்டு நீ தோத்த ஆட்டம் அறுபத்தொண்ணு. பேருந்துக் குறிப்பேட்டுல ஓரத்துல எழுதி வெச்சிருக்கேன்."

"தொப்பிய இதுல இழுக்காத."

"இழுக்கத் தேவையில்ல. தானே நடந்து வரும்போல இருக்கு, வாசனையப் பாத்தா."

அடுப்படியில் மார்சலீன் சிரிப்பை அடக்க ஒரு பிஸ்கட்டைத் தேவையில்லாமல் இரண்டாவது முறை திருப்பிப் போட்டாள்.

"சரி, சோதிச்சுப் பாப்போம்," என்றார் வெர்னெல். "டெமாரியன் வலது கைக்காரன். என் பேருந்துல எறிஞ்ச காகிதம் அத்தனையும் வலது கையாலதான். மூணு வாரத்துக்கு முந்தி வரைக்கும் பந்தையும் அப்படித்தான் குடுத்தான். இப்போ இடது கையால குடுக்கறான். சனிக்கிழமை முதல் பந்த மட்டும் பாருங்க. அவன் வலது கையால குடுத்தா நான் எந்திரிச்சுப் போயி என் பேருந்துல உக்காந்து வானொலியில கேக்கறேன். இனிமே எந்தச் சனிக்கிழமையும் வரமாட்டேன். இடது கையா இருந்தா, அவன் பேரு அந்தக் கதவுல ஏறணும். தொப்பி தண்ணியில இறங்கணும்."

"இடது கையால எவனும் குடுப்பானா?" ஹாய்ட் சிரித்தார். "நாங்க ஆறு பேரு பாத்துக்கிட்டிருக்கோம். தெரியாமப் போகுமா?"

"நீங்க ஆறு பேரும் எங்க பாக்கறீங்கன்னுதான் எனக்குத் தெரியுமே."

"நாற்காலி என்னுது," என்று மார்சலீன் அடுப்படியிலிருந்து சொன்னாள். "மிஸ் வெர்னெல் சனிக்கிழமை வந்து உக்காருவாங்க. மத்தத முதல் பந்து சொல்லட்டும்."

சனிக்கிழமை மதியம் கடை நிரம்பி வழிந்தது. நிலக்கடலை அண்டாவிலிருந்து ஆவி. இனிப்புத் தேநீர்க் குடங்கள். வெர்னெல் பச்சை ஸ்வெட்டர் போட்டு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வெளியில் அமைதியாகத் தெரிந்தாலும் உள்ளுக்குள் பயந்துபோயிருந்தார். கை சரியாகிவிட்டிருந்தால்? பையனுக்கு நல்லது, தனக்குப் பத்தொன்பது ஆண்டு நாற்காலி போச்சு. எதை விரும்புவது என்று தெரியாமல் ஒரு கடலையை உரித்து, தோலை வாயில் போட்டுப் பருப்பைக் கீழே போட்டார்.

முதல் பந்து. அறுபத்தேழு குனிந்தான். பந்து பின்னால் பறந்தது. ஹேகுட் பிடித்தான், எறிந்தான், கடையே எழுந்து நின்று கத்தியது.

"எந்தக் கை?" என்று வெர்னெல் கேட்டார்.

ஆறு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பார்க்கிறோம் என்று வாக்குக் கொடுத்தவர்கள், பந்து கிளம்பியதும் அதன் பின்னாலேயே போய்விட்டார்கள். நாற்பது ஆண்டுப் பழக்கம்.

மார்சலீன் ஆட்டத்தைப் பின்னால் ஓட்டி நிறுத்தினாள். திரையில் குனிந்த ஒரு பெரிய முதுகு. பந்தின் மேல் இடது கை. வலது கை விலா எலும்போடு ஒட்டியிருந்தது. விரல் முதல் மணிக்கட்டு வரை வெள்ளைக் கட்டு.

டீக்கன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். "கட்டுப் போட்டிருக்கு, ஹாய்ட்."

"எனக்கும் கண்ணு இருக்கு."

"அது இன்னைக்குத்தான் தெரிஞ்சுது," என்றார் வெர்னெல்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. அந்த ஆறு பேராலும் பந்தைப் பார்க்க முடியவில்லை. ஒருமுறை கண்ணில் பட்ட முதுகு விலக மறுத்தது. இரண்டாம் பாதியில் பந்து ஒன்று உயரப் போய் ஹேகுட் தாவிப் பிடித்தபோது, ஹாய்ட் வெர்னெல் பக்கம் திரும்பவில்லை. "பாவம், இடது கை," என்று முனகினார். கடைசி நிமிடங்களில் அறுபத்தேழு தன்னைவிடப் பெரியவன் ஒருவனைத் தோளால் முட்டிப் பன்னிரண்டு கஜம் தள்ளிக்கொண்டு போனான். மேசையே தட்டி ஆர்ப்பரித்தது. ஆரவாரம் அடங்கியதும் டீக்கன் கேட்டார்: "புள்ளி ஏறியிருக்கே. யாரு போட்டது?"

போட்டவன் ப்ரைஸ். அவர் முதலிடம் கேட்ட அதே ப்ரைஸ். கஹாபா இருபத்து நாலுக்கு இருபது என்று வென்றது.

ஒலிவாங்கி ஹேகுட்டிடம் போனது. அவன் கடவுளுக்கும் பயிற்சியாளருக்கும் நன்றி சொன்னான். அவன் தோளுக்குப் பின்னால் ஒரு நொடி டெமாரியன் தெரிந்தான். பெஞ்சில் தனியாக, வலது கையைப் பனிக்கட்டிப் பைக்குள் நுழைத்துக்கொண்டு. கேமரா நகர்ந்துவிட்டது. அந்தக் கையோடு அவனை ஆட அனுப்பியவர்களிடம் ஒரு கேள்வி கேட்க அங்கே ஒரு நிருபருக்கும் தோன்றவில்லை. வெர்னெல் உரித்த கடலையைத் தின்ன முடியாமல் தட்டில் வைத்தார்.

ஹாய்ட் அவரிடம் வந்தார். முகத்தில் புது ஞானம். "வெர்னெல், அடுத்த சனிக்கிழமையும் இதே நாற்காலி. இதே பச்ச ஸ்வெட்டர். துவைச்சுராத."

வெர்னெல் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "வியாழக்கிழமை ராசியில்லாதவ. இன்னைக்கு ராசிக்காரியா?"

"ஜெயிச்சோமில்ல?"

"நான் மனுஷி, ஹாய்ட். பாக்கத் தெரிஞ்ச மனுஷி. இந்த ஒரு விஷயம் மட்டும் உன் மண்டையில ஏறவே ஏறாதா? தொப்பியக் குடு."

பாத்திரம் கழுவும் தொட்டியில் தொப்பி இறங்கியது. முதல் தண்ணீர் தேநீர் நிறத்தில் வந்தது. இரண்டாவது, குழம்பு நிறத்தில். மூன்றாவது தண்ணீரில் தொப்பியின் சொந்த நிறம் எட்டிப் பார்த்தது. கஹாபாவின் நிறம் பச்சை. அது சாம்பல் நிறத் தொப்பி என்று ஹாய்ட்டின் மனைவியே நினைத்துக்கொண்டிருந்தாளாம்.

அடுத்த வியாழக்கிழமை வெர்னெல் சிவப்பு ஸ்வெட்டர் போட்டு வந்தார். சிவப்பு ட்ரெண்ட்ஹோமின் நிறம். அந்தக் கடையில் அதை யாரும் உடுத்துவதில்லை. காபிக் குடுவையைத் தாண்டி நேராக நடந்து, ஹாய்ட் கழிப்பறைக்குப் போயிருந்த நேரம் பார்த்து அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். யாரும் எழுப்பவில்லை. ஐஸ் பெட்டிக் கதவில் பத்தாவது இடத்தில் புது ஒட்டுநாடா. கோல்வின், அறுபத்தேழு.

"பத்தாவதா?" என்றார், திரும்பி வந்த ஹாய்ட்டிடம்.

"ஒரு வாரத்துக்கு ஒரு மாத்தம் போதும், வெர்னெல். அது என் நாற்காலி."

"நாற்காலி இருந்தா வாக்கு உண்டுன்னு சொன்னது நீதானே? பேனாவக் குடு. ஒன்பதாவதுல யாரு இருக்கான்னு பாக்கலாம்."

பேனா கைமாறியது. ஹாய்ட் காபிக் குடுவையின் பக்கத்தில் நின்றார். அங்கிருந்து பட்டியல் எப்படித் தெரியும் என்று அவரும் கொஞ்ச நாள் கற்றுக்கொள்ளட்டும்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் ஊரில் எந்த ஆட்டம் நடந்தாலும் சரி, அடுத்த முறை ஒரே ஒரு நிமிடம் பந்தைப் பார்க்காதீர்கள். அதை எடுத்துக் கொடுக்கிற கையைப் பாருங்கள். அதில் கட்டுப் போட்டிருந்தால், ஏன் என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி உரக்கக் கேளுங்கள்.