ஆறு கரும்புடன் பெங்களூருக்கு

ஆனேக்கலில் பஸ் ஏறும்போது காலை மணி ஆறே கால். பெங்களூர் இருபத்திரண்டு மைல். டிக்கெட் ஒரு ரூபாய். எங்களோடு வந்த ஆறு கரும்புகளுக்கு இருபத்தைந்து நயா பைசா தனி. அந்தக் கட்டைக் கூரைமேல் போட என் தங்கை புருஷன் முனிரத்தினம் சம்மதிக்கவில்லை. கணு அடிபட்டுவிடுமாம். கண்டக்டர் கன்னடத்தில் திட்டிவிட்டு, தமிழில் சிரித்துவிட்டு, டிரைவருக்குப் பின்னால் சாய்த்துக்கொள்ளச் சொன்னார்.

நான் வாணியம்பாடியில் வாத்தியார். பொங்கல் விடுமுறைக்குத் தங்கை வீட்டுக்கு வந்தவனைச் சும்மா இருக்க விட்டார்களா? அவர்கள் ஊரில் ஏரிக்குக் கீழே எல்லாம் கரும்புதான். இந்த வருஷம் செவ்வழுகல் நோய் விழுந்துவிட்டது. தோகை காய்கிறது, சாறு புளிக்கிறது, வெல்லம் கட்டிப்படவில்லை. நோய் கண்ட ஊர்களுக்குச் சர்க்கார் நல்ல விதைக்கரும்பும், பாதி தள்ளுபடியோடு கடனும் தருவதாகப் பேச்சு. அது கிடைக்காவிட்டால் அடுத்த நடவு இல்லை. இரண்டு வீடுகளில் மாட்டை விற்க ஆள் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். ஆகவே மூன்று பக்கம் இங்கிலீஷில் மனு எழுதினேன். பதினொரு குடும்பங்கள் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தார்கள். முனிரத்தினத்தின் கொல்லை, அதாவது அவருடைய கரும்புத் தோட்டம், மட்டும் தப்பியிருந்தது. அதனால் அவர் பெயர் மனுவில் இல்லை; மற்றவர்களுக்காகப் பேசத்தான் வந்தார்.

எட்டு மணிக்குப் பெங்களூர் கலாசிபாளையம் பஸ் ஸ்டாண்டு. குளிர் இன்னும் விடவில்லை. ஒரு ஹோட்டலில் ஆளுக்கொரு மசால் தோசையும் காப்பியும் ஆக மொத்தம் எண்பது நயா பைசா. அந்தக் காப்பிக்காகவே இன்னொரு மனு எழுதலாம் என்று தோன்றியது. பிறகு ஜட்கா, பேரம் பேசி முக்கால் ரூபாய். புதுச் சட்டசபைக் கட்டடமான விதான சௌதாவைச் சுற்றிக் காட்டியபடியே வண்டிக்காரர் ஓட்டினார். முழுக்கக் கருங்கல்லாம். முனிரத்தினம் தலைப்பாகையைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். இதைக் கட்டினவர்களுக்கு நம் விதைக்கரும்பு ஒரு காசா என்றார். எனக்கும் நம்பிக்கை ஏறிவிட்டது.

பத்தரை மணிக்கு விவசாய அலுவலகம். பழைய ஓட்டுக் கட்டடம். ஜவான், அதாவது நம் ஊர்ப் பியூன், கரும்பைப் பார்த்ததும் தடை சொல்லாமல் உள்ளே விட்டார். அதிகாரி பல தலைமுறையாக மைசூர்ச் சீமையில் வாழும் தமிழ்க் குடும்பத்தவர். மனுவைப் பொறுமையாகப் படித்தார். அப்புறம் கரும்பைப் பார்த்தார்.

"கரும்பு ஜோரா இருக்கே ஸ்வாமி. மனுவுல எல்லாம் அழுகிப்போச்சுன்னு எழுதியிருக்கு. நான் எதை நம்பறது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெரிய மனிதரைப் பார்க்க வெறுங்கையோடு போகக் கூடாது, போனாலும் சொத்தையைக் கொண்டு போகக் கூடாது என்று முனிரத்தினம் தன் கொல்லை முழுக்கத் தேடி, ஒரு கீறல்கூட இல்லாத ஆறு கரும்பை வெட்டிக் கழுவி எடுத்து வந்திருந்தார். ஊரே நாசம் என்று எழுதிய வாத்தியார் நானும் அதைப் பெருமையோடு தூக்கி வந்திருக்கிறேன். படித்த முட்டாள் என்று சும்மாவா சொல்கிறார்கள்.

அது நோயில்லாத கொல்லையில் வெட்டியது என்று திக்கித் திணறிச் சொல்லிப் பார்த்தோம். சிபாரிசு செய்யக் கண்ணால் பார்த்த ஆதாரம் வேண்டும், மாவட்டம் முழுக்க இப்படி மனுக்கள் வருகின்றன என்று அவர் மனுவைத் திருப்பித் தந்தார். முனிரத்தினத்தின் முகம் சுண்டிவிட்டது. ஆனாலும் உபசாரம் விடவில்லை.

"வந்ததுக்கு ஒரு துண்டு சாப்பிடுங்க சார். தித்திப்புக்கு நான் ஜவாப்தாரி."

ஜவான் கத்தி கொண்டுவந்து ஒரு கரும்பை நீளவாக்கில் பிளந்தார். உள்ளே செக்கச் சிவப்பு, இடையிடையே வெள்ளைத் திட்டு. கள்ளுக்கடை வாசம் மேஜைவரை வந்தது. அதிகாரி எழுந்து நின்று அடுத்ததைப் பிளக்கச் சொன்னார். அதுவும் சிவப்பு. முனிரத்தினம் மூன்றாவதைத் தானே வாங்கிப் பிளந்தார். நாலு, ஐந்து, ஆறு. ஒவ்வொன்றும் அழுகல் என்று தெரியத் தெரிய அவர் முகம் மலர்ந்துகொண்டே வந்தது. அடக்க முடியாமல் நான் சிரித்துவிட்டேன், ஜவானும் சிரித்தார், கடைசியில் அதிகாரியும்.

அவர் மனுவைத் திரும்ப வாங்கினார். ஊரின் நல்ல கொல்லையே இப்படியென்றால் மற்றது எப்படி என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, சிபாரிசு எழுதினார். திங்கட்கிழமை ஆள் வந்து பார்ப்பார், நிற்கும் கரும்பையெல்லாம் பிடுங்கி எரிக்க வேண்டும், விதைக்கரும்பு வரும். இந்தக் கொல்லை யாருடையது என்று பேனாவைப் பிடித்தபடி கேட்டார். முனிரத்தினம் ஒரு நிமிஷம் தயங்கி, தன் பெயரைச் சொன்னார். பன்னிரண்டாவதாக அது ஏறியது.

மாலை நாலு மணி பஸ்ஸில் திரும்பினோம். எங்கள் வாணியம்பாடியில் ஒருவனுடைய தோல் பதனிடும் ஷாப்பு நொடித்தால் பக்கத்து ஷாப்புக்காரன் கதவைச் சாத்திக்கொள்வான். அதை நினைத்துக்கொண்டே, எரிக்கப்போகும் கரும்புக்காக முனிரத்தினத்துக்கு என்ன ஆறுதல் சொல்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். சந்தாபுரம் தாண்டியதும் அவரே பேசினார்.

"என் கொல்லை மட்டும் தப்பிச்சுதுன்னு ஆறு மாசமா யாரும் என்கிட்ட சரியா முகம் குடுத்துப் பேசலை மச்சான். நான் அவங்க கொல்லைப்பக்கம் போனா எழுந்து போயிடுவாங்க. இன்னிக்கு ராத்திரி எல்லாரும் நம்ம வீட்டுக்கு வருவாங்க பாருங்க."

சொல்லிவிட்டு, ஆனேக்கல் வரும்வரை என் தோளில் சாய்ந்து நிம்மதியாகத் தூங்கினார்.