பாகு பார்த்த விரல்கள்

வில்லியனூர் பஸ் ஸ்டாண்டு அருகே காலையில் கூலிக்கு நிற்கும் கூட்டத்தில்தான் அவரைப் பார்த்தேன். ஒல்லியான உடம்பு, இஸ்திரி போட்ட சட்டை. கட்டை விரலும் ஆட்காட்டி விரலும் எந்நேரமும் ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டிருக்கும். மூடிப்போன சர்க்கரை ஆலையில் முப்பது வருஷம் அந்த இரண்டு விரலால் பாகைத் தொட்டுப் பதம் சொன்னவர்.

மேஸ்திரிகள் வந்து, "இன்னா வேல தெரியும்?" என்பார்கள். பெயிண்ட், கரும்பு வெட்டு, கொத்து வேலை எல்லாம் தெரியும் என்பேன். எல்லாமே அரைகுறைதான். ஆனாலும் யாராவது கூட்டிப்போவார்கள். அவர், "பாகு பாப்பேன்" என்பார். மேஸ்திரி அடுத்த ஆளிடம் போய்விடுவார்.

நான்காம் நாள் பொறுக்காமல் சொன்னேன். "எது கேட்டாலும் தெரியும்னு சொல்லுண்ணே. போற எடத்துல கத்துக்கலாம்."

"வேற எதுலயும் கை வச்சதில்லபா. வூட்ல ஒரு பல்பு மாட்டினதில்ல. பாகு பாக்கறவருன்னா அவ்ளோ மரியாத."

"மரியாதயப் போட்டா ஒல கொதிக்குமா?"

"ரெண்டு நாளா கொதிக்கல" என்றார்.

அன்று கலவை போடத் தெரியும் என்றார். இருவரையும் ஒரே வீட்டு வேலைக்குக் கூட்டிப்போனார்கள். சிமெண்டைக் குழைத்தவர், கொஞ்சம் எடுத்து இரு விரலால் இழுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"யோவ் பெருசு, துன்னு பாக்கப் போறியா?" என்று மேஸ்திரி கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பத்து மணிக்கே அவரை அனுப்பிவிட்டார்கள்.

அதன்பின் அவர் வரவில்லை. எனக்கு வேலை கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது. சில நாள் கலவையை இரு விரலால் தொட்டுப் பார்க்கிறேன். எனக்கு ஒன்றும் தெரிவதில்லை.