அண்ணனின் சவரக்கத்தியும் அப்பாவின் இடது கன்னமும்

அண்ணே, உன் சவரக்கத்தியை நான் கெடுத்துவிட்டேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தேயிலை மலையில் குளவிக் கூட்டம் கொட்டி நீ போய் இருபது நாள் ஆகியிருந்தது. கருமாதியும் முடிந்திருந்தது. கருமாதியன்று சவரம் செய்ய வந்தவர், உனக்குக் கொள்ளி வைத்த சித்தப்பா மகனுக்கு எடுத்துவிட்டு அப்பாவிடம் போனார். அப்பா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். மறுபடி கூப்பிட்டதற்கு, விளங்குகிற வலது கையால் தண்ணீர்க் கிண்ணத்தைத் தட்டிவிட்டார். பிறகு யாரும் கேட்கவில்லை.

உனக்குத் தெரிந்ததுதான், வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் பாரிசவாதம் வந்து அப்பாவுக்கு இடது பக்கம் விழுந்துவிட்டது. அம்மா இல்லாத வீடு. நான் கொழுந்து எடுக்கப் போவேன். நீ தேயிலைச் செடியைத் தறித்துவிடுகிற கவ்வாத்து வேலைக்குப் போவாய். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த மடக்குக் கத்தியை எடுத்து அப்பாவுக்குச் சவரம் செய்வது உன் பொறுப்பு. நான் சுடுதண்ணீர் வைத்துக் கொடுத்ததோடு சரி. ஒரு நாள்கூட நின்று பார்த்ததில்லை.

இடது வாயோரம் எச்சில் வழிந்து தாடிக்குள் ஊறி, அடியில் புண் வந்துவிட்டது. தோட்டத்து டிஸ்பென்சரி நர்ஸ் மிஸ் பார்த்துவிட்டு, முடி இருக்கும்வரை மருந்து தோலில் படாது என்றார். தாடியை எடுத்தால் ஆறும், இல்லாவிட்டால் பெரிய ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் படுக்க வைக்க வேண்டியதுதான் என்றார். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பக்கத்துக் காம்பராவில் இருக்கிற அக்காவின் புருஷன் கடையில் விற்கிற பிளாஸ்டிக் ரேசரோடு வந்து பார்த்தார். நீளமான முடியில் அது சிக்கி இழுத்தது. அப்பா அவரைத் தள்ளிவிட்டார். அன்றைக்குக் கஞ்சியும் குடிக்கவில்லை.

சரி, நானே எடுக்கிறேன் என்று நினைத்தேன். தைரியம் என்று சொல்ல முடியாது. அந்த நாட்களில் எனக்குப் பயமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. செய்ய ஒரு வேலை இருந்தது, அவ்வளவுதான்.

கத்தி என்றால் தீட்ட வேண்டும். வேலைக்குப் போகும் முன்னால் நீ கவ்வாத்துக் கத்தியைப் பீலிக் குழாயில் தண்ணீர் விழுகிற இடத்தில் கல்லில் தேய்ப்பதைத் தினமும் பார்த்திருக்கிறேன். நானும் உன் சவரக்கத்தியை அதே கல்லில் வைத்து, வெட்டுகிற வாய்ப்பக்கத்தை முன்னே தள்ளி, நன்றாக அழுத்தித் தேய்த்தேன். கதவு ஆணியில் நீ தொங்கவிட்டிருந்த தோல் வார் எதற்கென்று யோசிக்கவே இல்லை. பிறகு என் கை முடியில் வைத்துப் பார்த்தேன். வெட்டவில்லை. வெளிச்சத்தில் பிடித்தால் ரம்பம் மாதிரி தெரிந்தது.

நீ முடி வெட்டப் போகிற ஹட்டன் டவுன் சலூனுக்கு எடுத்துக்கொண்டு போனேன். உள்ளே எல்லாம் ஆம்பிளைகள். வாசலிலேயே நின்று கத்தியை நீட்டினேன். கடை வைத்திருக்கிற சிங்கள ஆள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நங்கி, இது தேயிலை வெட்டுற கத்தி இல்ல," என்றார். தங்கச்சி என்பதைத்தான் அவர்கள் நங்கி என்பார்கள். உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். "அண்ணன் எங்க? ஏன் ஒங்க கையில குடுத்தாரு?"

சொன்னேன். அவர் ரேடியோவை நிறுத்தினார்.

வழுவழுப்பான ஒரு கல்லை நனைத்து, வெகுநேரம் தேய்த்து, வாயைத் திரும்பக் கொண்டுவந்தார். தோல் வாரில் தீட்டும்போது முதுகு முன்னால் போகவேண்டும், வாய் பின்னால் வரவேண்டும், அழுத்தவே கூடாது என்றார். முகத்தில் கத்தியைப் படுத்த மாதிரி வைத்து முதுகை மட்டும் கொஞ்சம் தூக்க வேண்டும். மற்றக் கையால் தோலை இழுத்துப் பிடித்து, முடி வளர்கிற பக்கமாகவே போகவேண்டும். பக்கவாட்டில் நகர்த்தினால் வெட்டிவிடும். நான் கிளம்பும்போது, புதிதாகப் பழகுகிற பையன்களுக்கு வைத்திருந்த பலூனில் ஒரு பிடி தந்தார். சோப்பு நுரையைப் பூசி, வெடிக்காமல் வழித்துப் பழகச் சொன்னார். அவரும் அப்படித்தான் பழகினாராம்.

லயத்து வாசலில் உட்கார்ந்து பலூன் ஊதினேன். பக்கத்துக் காம்பரா அக்கா துணி உதறிக்கொண்டே பார்த்தாள்.

"கருமாதி முடிஞ்ச வீட்டுல யாருக்குடி பொறந்தநாளு?"

நான் விஷயத்தைச் சொன்னதும், பொம்பளப் பிள்ளை செய்கிற வேலையா இது என்று முணுமுணுத்தாள். ஆனால் போகாமல் நின்றாள். முதல் பலூன் வெடித்து நுரை என் முகமெல்லாம் தெறித்தது. அவள் துள்ளினாள். நான் முகத்தைத் துடைத்துவிட்டு அடுத்ததை ஊதினேன். சத்தம் எங்கேயோ தூரத்தில் கேட்ட மாதிரி இருந்தது. ஆறு பலூன் போனது. ஏழாவது வெடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் கதவோரம் வெளிச்சத்தில் உட்கார வைத்தேன். எதற்கென்று சொல்லவில்லை. தோல் வாரில் நான் தீட்டுகிற சத்தம் கேட்டதும் அவர் தலை நிமிர்ந்தது. என் கையைப் பார்த்தார். உன் கை இல்லை என்று தெரிந்தும் முகத்தைத் திருப்பவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

கத்தரிக்கோலால் தாடியைக் குறைத்தேன். சுடுதண்ணீரில் பிழிந்த துண்டைப் போட்டு எடுத்து, நுரை பூசினேன். வலது பக்கம் மெதுவாக வந்தது. இடது பக்கம் தோல் தளர்ந்து தொங்கியது, எவ்வளவு இழுத்துப் பிடித்தாலும் வழுக்கியது. புண்ணைச் சுற்றிக்கொண்டு வரும்போது தாடையில் வெட்டிவிட்டேன். நுரை சிவந்தது.

அந்தப் பக்கம் அவருக்கு உணர்ச்சி கிடையாது. அவர் அசையவில்லை. துடைத்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். சொன்னால் மறுபடி யாரையும் கிட்ட விடமாட்டார், ஆஸ்பத்திரிதான் என்று நினைத்தேன். ஆனாலும் அவருக்குத் தெரியாத இடத்தில் வெட்டிவிட்டு மறைக்க மனம் வரவில்லை.

"அப்பா, வெட்டிட்டேன்," என்றேன்.

கண்ணைத் திறந்தார். கோணின வாயால், நின்று நின்று பேசினார். நீ போனதிலிருந்து உன்னைப் பற்றி அவர் பேசியது அதுதான் முதல் தடவை.

"ஒங்கண்ணன்... மொத நாளு ரெண்டு எடத்துல வெட்டுனான். நீ ஒண்ணுதான்." மேலுதட்டைத் தொட்டுக் காட்டி, "மீசைப் பக்கம் பாக்கி இருக்கு, எடு," என்றார்.

எடுத்தேன். வெட்டின இடத்தில் ரத்தம் நிற்கச் சீனக்காரக் கட்டியை வைத்து அழுத்தினேன். புண் இப்போது முழுசாகத் தெரிந்தது. கழுவி மருந்து போட்டேன். அப்பா வலது கையால் கன்னத்தைத் தடவிப் பார்த்தார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. எனக்கு வரவில்லை, அண்ணே.

கும்பிட நின்றாலும் எனக்கு இன்னும் ஒரு வார்த்தை வருவதில்லை. அதனால் இதை வாசிக்கிற உங்களிடம் கேட்கிறேன். விளக்கு வைத்துக் கும்பிடுகிறவர்களோ, முழங்கால் போட்டு ஜெபிக்கிறவர்களோ, எப்படியானாலும் சரி, நான் சாமியிடம் பேசப் பழகும்வரைக்கும் என் அண்ணனுக்காக நீங்கள் இரண்டு வார்த்தை சொல்லி வையுங்கள்.