தேசிய கீதம் முடியும்வரை

அந்த சீசனில் ரக்பி என்றால் எனக்குத் தண்ணீர்ப் பெட்டிகள்தான். ஷார்ஜா தொழில்பேட்டையில் இருந்த எங்கள் லேபர் கேம்பிலிருந்து எங்களை பஸ்ஸில் ஏற்றி, துபாய் மைதானத்தில் இறக்கிவிடுவார்கள். நாடும் நாடும் மோதும். நாங்கள் படியேறிப் பெட்டி சுமப்போம். அந்த முட்டைப் பந்தை எங்கே கொண்டுபோய் வைத்தால் ஜெயிப்பார்கள் என்பது கடைசிவரை எனக்கு விளங்கவில்லை. விளங்கிக்கொள்ளத் தெம்பும் இல்லை.

எனக்கு வேண்டியதெல்லாம் ஆட்டத்துக்கு முன்னால் வரும் தேசிய கீதம்தான். அது ஒலிக்கும்போது யாரும் அசையக்கூடாது என்பது ஃபோர்மேன் உத்தரவு. எந்தப் புண்ணியவான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தானோ, பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நிற்க எங்களுக்கிருந்த ஒரே அனுமதி அதுதான். என்னோடு பெட்டி தூக்கிய ராமநாதபுரத்துப் பையன் இதற்காகவே இலங்கை அணிக்கு ரசிகனாகிவிட்டான். அவர்கள் பாட்டு நீளமானது. "இன்னொருக்கா போட்டா நல்லாருக்கும்ண்ணே" என்பான்.

ஒருநாள் இந்திய அணி வந்தது. "இன்னைக்கு நம்ம பாட்டுண்ணே" என்று பஸ்ஸிலேயே சொல்லிவிட்டான். பாட்டு தொடங்கியதும் பெட்டியை இறக்கி, இடுப்பை மெல்ல நிமிர்த்தினேன். மூச்சு சீராவதற்குள் முடிந்துவிட்டது.

"யல்லா, ஜல்தி!" என்று சீக்கிரம் தூக்கச் சொல்லி ஃபோர்மேன் கத்தினார்.

அவன் பெட்டியைத் தொடாமல் அப்படியே நின்றான்.

"பள்ளிக்கூடத்துல வெயில்ல நிக்கிறப்ப இது எம்புட்டு நீளமா இருந்துச்சுண்ணே" என்றான்.