கப்பிக்கொடி

"கிறீச், கிறீச்" என்று கப்பி உருளும் சத்தத்தோடுதான் என் பன்னிரண்டு வயதுக் கோடைக் காலைகள் விடிந்தன. இலங்கையிலிருந்து வந்து நாங்கள் குடியேறிய கோட்-டெ-நெய்ஜ் பகுதியில், எங்கள் கட்டடமும் பின்பக்கத்துக் கட்டடமும் ஒரு முற்றத்தை நடுவில் வைத்து முதுகு காட்டி நிற்கும். எங்களுக்கு மேல்மாடியில் இருந்த நஸ்ரீன் அன்ரியின் பல்கனியிலிருந்து, எதிரே சுரிந்தர் அன்ரியின் பல்கனிவரை, இரு முனையிலும் கப்பி பூட்டிய ஒரு கயிறு வளையமாக ஓடியது. அம்மா அதற்குக் "கப்பிக்கொடி" என்று பெயர் வைத்திருந்தார்.

உடுப்புக் காயப்போடத்தான் கொடி. ஆனால் ஒரு துணிப்பையில் தொங்கியபடி, மூடி போட்ட சில்வர் கிண்ணமொன்றும் அதில் போய் வந்தது. ஒருநாள் நஸ்ரீன் அன்ரியின் கறி அந்தப் பக்கம் போகும், மறுநாள் கிண்ணம் திரும்பி வரும், ஒருநாளும் வெறுமையாய் வந்ததில்லை. ஒன்றுமே இல்லாவிட்டால் சுரிந்தர் அன்ரி ஒரு துண்டு வெல்லமாவது போட்டு அனுப்புவார். "எங்கடை ஆக்கள் மாதிரித்தான், வெறும் ஏனம் திருப்பிக் குடுக்க மாட்டினம்" என்று அம்மா மெச்சிக்கொள்வார்.

நஸ்ரீன் அன்ரி லாகூர்க்காரி, சுரிந்தர் அன்ரி அமிர்தசரஸ்காரி. நாடு இரண்டாகப் பிரிந்தபோது நஸ்ரீன் அன்ரியின் குடும்பம் அமிர்தசரஸிலிருந்து லாகூருக்கும், சுரிந்தர் அன்ரியின் குடும்பம் லாகூரிலிருந்து அமிர்தசரஸுக்கும் உயிர் தப்பி ஓடியதாம். அதைக்கூட அவர்கள் பகிடியாக்கி வைத்திருந்தார்கள். பஞ்சாபியில் கத்திவிட்டு எங்களுக்கு ஆங்கிலத்தில் சொல்லிச் சிரிப்பார்கள். எனக்கு அது எங்கள் தமிழிலேயே நினைவில் நிற்கிறது.

"அங்கை விட்டிட்டு வந்த என்ரை அப்பாவின்ரை கட்டிலிலைதான் நீ பிறந்திருப்பாய், கள்ளி!" என்று நஸ்ரீன் அன்ரி தொடங்குவார்.

"போடி, அதிலை முழுக்க மூட்டைப்பூச்சி. நாங்கள் எரிச்சுப்போட்டம்!"

நான் யாரோடும் கதைக்காத பிள்ளை. "இவள் நாக்கை இலங்கையிலை விட்டிட்டு வந்திட்டாளோ?" என்று இருவரும் என்னைச் சீண்டுவார்கள். எனக்கு அது பிடிக்கும்.

அந்தக் கோடையில் அவர்களுடைய இரண்டு நாடுகளுக்கும் இடையே காஷ்மீர் மலைகளில் சண்டை மூண்டது. ரீவியில் பனிமலையும் பீரங்கியும், பிறகு தேசியக்கொடி போர்த்திய சவப்பெட்டிகளும் வந்தன. முற்றத்தில் பகிடி நின்றது. கிண்ணம் எதிர்ப்பக்கத்திலேயே தங்கிவிட்டது. இருவரும் கயிற்றை இழுக்காமல், கைக்கு எட்டிய தூரத்துக்கு மட்டும் உடுப்புப் போட்டார்கள்.

ஒரு மத்தியானம், எங்கள் கட்டடத்தைப் பராமரிக்கிற ஆள் சுவருக்குப் பெயின்ற் அடிக்க ஏணி வைத்து, இடைஞ்சலாக இருந்த கொடியைக் குறட்டால் "டக்" என்று வெட்டிச் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டார். நான் எங்கள் பல்கனியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மாலையில் வேலையால் வந்த சுரிந்தர் அன்ரியின் கணவர், முற்றம் முழுக்கக் கேட்கக் கத்தினார்: "பாத்தியளே, பாகிஸ்தான்காரி வெட்டிப்போட்டாள்!" நஸ்ரீன் அன்ரி பல்கனிக் கதவைச் சாத்தினார்.

நான் ஒரு வசனம் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று உறுதியாக நம்பினேன். அப்பாவோ, "ஒரு சண்டையை விட்டிட்டு ஓடி வந்தனாங்கள், மற்றவையின்ரை சண்டைக்கை போகாதை" என்றார். நான் சொல்லவிருந்த வசனத்தை ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்யவும், எதிர்க் கட்டடத்துப் படி ஏறத் துணியவும் எனக்கு ஒரு கிழமைக்கு மேல் எடுத்தது.

சுரிந்தர் அன்ரி மாவு ஒட்டிய கையோடு கதவைத் திறந்தார். "அன்ரி, கயிறை வெட்டினது நஸ்ரீன் அன்ரி இல்லை, பெயின்ற் அடிச்ச, கட்டடம் பாக்கிற ஆள்" என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

"தெரியும்," என்றார். "நானும் ஜன்னலாலை பாத்தனான்."

அவ்வளவுதான். காலடியில் படி நழுவியதுபோல நான் நின்றேன். அவர் உள்ளே போய் அந்தச் சில்வர் கிண்ணத்தைக் கொண்டுவந்து, "அவளிட்டைக் குடுத்துவிடு" என்று என் கையில் வைத்தார். மூடியைத் திறந்து பார்த்தேன். கழுவித் துடைத்த, வெறுங்கிண்ணம்.

அதை அப்படியே கொண்டுபோக எனக்கு மனம் வரவில்லை. எங்கள் வீட்டுக் குசினியில் புகுந்து, அம்மா காணாமல் இரண்டு பிடி சீனி போட்டு மூடி, மேல்மாடிக்குக் கொண்டுபோனேன்.

நஸ்ரீன் அன்ரி மூடியைத் திறந்தார். "அவள் சீனி போடமாட்டாள், வெல்லம்தான் போடுவாள்," என்றார் மெதுவாக. நான் குனிந்துகொண்டேன். தன் பல்கனியில் அறுந்த கயிற்றை யார் வெட்டியது என்று அவருக்கும் தெரிந்துதான் இருக்க வேண்டும். அவரும் ஒரு சொல் சொல்லவில்லையே என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. "கிண்ணத்தை நீயே வைச்சுக்கொள், பிள்ளை," என்று திருப்பித் தந்தார்.

அடுத்த கோடைக்குள் இருவருமே வீடு மாறிப் போய்விட்டார்கள்.

இன்று எனக்கு ஆஸ்பத்திரிக் குசினியில் வேலை. அண்மையில் மறுபடியும் அந்த இரண்டு நாடுகளும் குண்டு போட்டுக்கொண்ட கிழமையில், ஆளுக்கொரு நாட்டைச் சேர்ந்த, அதுவரை ஒரே டப்பாவில் சாப்பிட்டு வந்த என் தோழிகள் இருவர் வேறு வேறு மேசையில் போய் இருந்தார்கள். பார்த்ததும் சுரிந்தர் அன்ரியின் வாசலில் நழுவிய அதே படி மறுபடி நழுவியது. இந்த வயதிலும் என்னால் வாய் திறக்க முடியவில்லை.

வேலை முடிந்து பழைய முற்றத்தின் வழியே நடந்து வந்தேன். இப்போது எல்லா வீட்டிலும் உடுப்புக் காயவைக்க மெஷின். கொடியும் இல்லை, கப்பியும் இல்லை. எதிரெதிர்ச் சுவர்களில் துருப்பிடித்த இரண்டு கொக்கிகள் மட்டும் இருக்கின்றன. கிண்ணம் என் வீட்டில் இருக்கிறது. மறுநாள் அதை வேலைக்குக் கொண்டுபோய், மூடியைத் திறந்து, இரண்டு மேசைக்கும் நடுவில் வைத்தேன். உள்ளே வெல்லம். மாலையில் எடுத்தபோது எண்ணிப் பார்த்தேன். ஒரு துண்டும் குறைந்திருக்கவில்லை.