ஜூஜுவாடியில் காய்ச்சிய புளியங்கொட்டைப் பசை

காலையில் பெயர் கூப்பிட்டால் என் வகுப்பில் மூன்று மொழிகளில் பதில் வருகிறது. "உள்ளேன் டீச்சர்" என்று ஒரு குரல், "இத்தீனி டீச்சர்" என்று கன்னடத்தில் ஒன்று, "உன்னானு டீச்சர்" என்று தெலுங்கில் இன்னொன்று. முதல் நாள், யாரோ கேலி செய்கிறார்கள் என்று நினைத்து அதட்டியும் விட்டேன். தமிழ் பேசும் மண்ணுக்குப் போகிறோம், இனிப் பேச்சுக்குத் தடுமாற வேண்டியதில்லை என்று ரங்கூனில் கப்பலேறியவள் நான். வந்து சேர்ந்ததோ ஓசூரைத் தாண்டி ஜூஜுவாடி. பத்து நிமிடம் நடந்தால் மைசூர் ராஜ்யம். என்னோடு அந்தக் கப்பலில் வந்து சென்னை அகதி முகாமில் திசைக்கொருவராகப் பிரிந்துபோனவர்களுக்கும், இன்னும் ரங்கூனிலேயே இருப்பவர்களுக்கும், நான் இங்கே என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் கணவர் அந்தோணிக்கு ஓசூரில் லாரி பழுதுபார்க்கும் ஷெட்டில் வேலை கிடைத்தது. எனக்கு இந்தப் பள்ளியில் கைவேலை டீச்சர் உத்தியோகம், அதுவும் தற்காலிகம்தான். "இன்ஸ்பெக்டர் வந்து பாத்துட்டு நல்லாருக்குன்னு எழுதினா நீங்க இருக்கலாம்மா. இல்லன்னா என் கையில ஒண்ணும் இல்ல" என்று தலைமையாசிரியர் முதல் நாளே சொல்லிவிட்டார். பழைய செய்தித்தாளும் சிமெண்டு மூட்டைக் காகிதமும் ஷெட்டிலிருந்து வந்தன. ஒட்டுவதற்குத்தான் எதுவும் இல்லை. கோந்து பாட்டிலெல்லாம் பள்ளிக்கூடம் வாங்காது.

நான் முன்பு வேலை பார்த்த ரங்கூன் பள்ளியில் இது ஒரு கவலையே இல்லை. வெந்தால் பிசுபிசுவென்று ஒட்டும் கவுனி அரிசியைக் குழைய வேகவைத்து மசித்தால் போதும். காகிதக் குடையே ஒட்டலாம். பிள்ளைகள் பாதியை ஒட்டி, மீதியை விரலோடு நக்குவார்கள். பானையில் மிஞ்சியதை வாத்துக்குப் போடுவோம். அரிசி ஒரு பொருட்டாக இல்லாத ஊர் அது. அந்த நினைப்பிலேதான் இங்கே மதிய உணவு சமைக்கும் நாகம்மாவிடம் போய், "பசைக்குக் கொஞ்சம் மாவு வேணும்" என்று கேட்டேன். அவளுக்கு வீட்டில் கன்னடம். வெளியே தமிழும் கன்னடமும் கலந்த பேச்சு. என் ரங்கூன் தமிழ் அவள் காதில் எப்படி விழுந்ததோ, என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் ஒரு தூக்குப் போசியை என் மேசைமேல் வைத்தாள். உள்ளே கேழ்வரகுக் களியும் அவரைக்காய்க் குழம்பும் சூடாக இருந்தன. "சாப்புடுங்க டீச்சரம்மா. பசிச்சா வெக்கப்படக் கூடாது" என்றாள். பசைக்கு என்று நான் சொன்னதை அவள் பசிக்கு என்று கேட்டிருந்தாள். முகாமை விட்டு வந்த பிறகு என் பசியைப் பற்றி யாரும் விசாரித்ததில்லை. களியை எப்படி விழுங்குவது என்றுகூடத் தெரியாமல், மென்று மென்று முழுவதையும் சாப்பிட்டேன். பிறகுதான் விஷயத்தைச் சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது.

"திங்கிற மாவக் காய்தத்துக்குப் பூசுறதா? இங்க பாதிப் புள்ளைங்க அந்த ஒரு வேள சோத்துக்குத்தான் இஸ்கூலுக்கு வருது. நானு ஒரு புடி எடுத்தா ஒரு புள்ளைக்கு இல்லாமப் பூடும்."

வாத்துக்குப் போட்ட பானை கண்ணில் வந்து நின்றது. பிள்ளைகள் வாயில் போகிற எதையும் பசைக்கு எடுப்பதில்லை என்று அன்றே முடிவு செய்தேன். என் கோபமெல்லாம் என்மீதுதான். அவள்மீது துளியும் இல்லை.

அது புளி தட்டும் காலம். ஊரில் எந்த வாசலைப் பார்த்தாலும் பெண்கள் புளியை உடைத்துக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். நாகம்மா வீட்டு வாசலிலும் கொட்டை குவிந்து கிடந்தது. "இத எடுத்துக்கலாமா?" என்றேன். "மூட்டையே கட்டிக்கினு போங்க" என்று சிரித்தாள். நெசவுப் பாவுக்குப் புளியங்கொட்டைக் கஞ்சி போடுவார்கள் என்று எங்கோ கேட்டிருந்தேன்; அதற்குமேல் எதுவும் தெரியாது. வறுத்துத் தோல் நீக்கி, இடித்த பொடியைக் கொதிக்கும் தண்ணீரில் கொட்டினேன். கட்டி கட்டியாக உருண்டு, ஒரு சட்டி பாழானது. அடுத்த முறை பொடியைப் பச்சைத் தண்ணீரில் கரைத்துக்கொண்டு, அடுப்பில் வைத்துக் கை எடுக்காமல் கிண்டினேன். கண்ணாடிபோல் இழுபட்டு வந்தது. மூன்றாம் நாள் அதில் பூஞ்சணம் பூத்து, பிள்ளைகள் செய்த பெட்டிகள் எல்லாம் நாறின. அத்தனையையும் குப்பையில் போட்டேன்.

"மயில்துத்தம் போடுங்க, பூச்சியே அண்டாது. புஸ்தகம் பைண்டு பண்றவங்க அதான் போடுவாங்க" என்றார் தலைமையாசிரியர். அது விஷம். விரலை நக்கும் பிள்ளைகள் நடுவில் அதை வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வேலை போனாலும் போகட்டும் என்ற துணிச்சல் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. வேப்பிலையை வேகவைத்து, அந்தத் தண்ணீரிலேயே கரைத்துக் காய்ச்சிப் பார்த்தேன். ஒரு வாரம் ஆகியும் கெடவில்லை. ரத்னம்மா என்ற சிறுமி வழக்கம்போல விரலை வாயில் வைத்து, "சேது!" என்று கத்தினாள். பக்கத்தில் இருந்தவன் நக்கிப் பார்த்து, "கஹி!" என்றான். "கசக்குது டீச்சர்!" என்றது இன்னொரு குரல். ஒரே நிமிடத்தில் கசப்புக்கு மூன்று சொல் கற்றேன். பிறகு ஒருவரும் நக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் வரும் நாளுக்குப் பிள்ளைகள் சிமெண்டுக் காகிதத்தை அடுக்கடுக்காக ஒட்டி ஒரு காளை செய்தார்கள். ஓர் ஆட்டுக்குட்டி உயரம் இருக்கும். அவர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அதைச் சுற்றி வந்தார். திடீரென்று கொம்பைப் பிடித்து இழுத்தார். கொம்பு வரவில்லை, காளைதான் முழுசாகத் தரையை விட்டு எழும்பி அவர் கையில் தொங்கியது. பிள்ளைகள் ஓவென்று கூச்சலிட்டார்கள்.

"எந்தக் கம்பெனிக் கோந்தும்மா இது?" என்றார்.

நான் வாயைத் திறக்குமுன் சமையல்கட்டு வாசலிலிருந்து நாகம்மா, "கம்பெனியும் இல்ல ஒண்ணும் இல்லங்க சாரு. எங்கூட்டுப் புளியங்கொட்ட. காச்சுனது எங்க டீச்சரம்மா" என்றாள்.

அவர் பார்வையாளர் பதிவேட்டில், பசை உள்ளூரிலேயே தயாரிக்கப்பட்டது, பிற பள்ளிகளும் பின்பற்றலாம் என்று எழுதினார். உள்ளூர் என்ற அந்தச் சொல்லை நான் பலமுறை திருப்பித் திருப்பிப் படித்தேன். என் வேலை நிலைத்தது. இப்போது சனிக்கிழமைகளில் பக்கத்து ஊர் டீச்சர்கள் சட்டியோடு வருகிறார்கள். நான் கிண்டிக் காட்டுகிறேன், நாகம்மா பதம் சொல்கிறாள். எனக்கு அதில் பெருமைதான், மறைக்கப் போவதில்லை.

ரங்கூனில் தங்கிவிட்ட என் அக்காவுக்கு இதையெல்லாம் எழுதி, உறையை இந்தப் பசையாலேயே ஒட்டி அனுப்பினேன். போன வாரம் பதில் வந்தது. "உன் கடிதத்தைப் பிரிக்கவே முடியவில்லை. ஆவியில் காட்டினேன், கத்தியால் நெம்பினேன். கடைசியில் கிழித்தேன். பாதிக் காகிதம் உறையோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது. 'இங்கே நன்றாக இருக்கிறோம்' என்பது என் கையில் இருக்கிறது. 'உன்னைப் பார்க்க வேண்டும்' என்பது உறையிலேயே நின்றுவிட்டது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் படித்தேன்."